பாஸ்டர் ஐயாவுக்கு ஒரு வரைவு



நீங்கள் கேட்டபடி நம் சபைக்கான சட்டதிட்டத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "பேங்க்ல சபை பேருக்கு அக்கவுண்ட் தொடங்கணும்னா பத்திரம் கேக்கறான், பான் கார்டு கேக்கறான். சீக்கிரம் ஒரு பைலா ரெடி பண்ணுங்க பிரதர், நமக்குச் சாதகமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். "இந்தச் சபையை நடத்துகிறவர் ஆவியானவர், மனுஷன் எழுதின சட்டம் இங்கே எதற்கு" என்று நீங்கள் பிரசங்கித்ததைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். ஆவியானவருக்குப் பான் கார்டு கொடுக்க வருமான வரித் துறைக்கு வழி தெரியாததால்தான் இந்த வேலை என்னிடம் வந்தது. வக்கீல் ஆபீசில் பத்திரம் எழுதியே நரைத்த தலை என்னுடையது. சாதகம் என்று கட்சிக்காரர் சொல்லிவிட்டால், யாருக்கு என்பதை மட்டும் கவனித்துக்கொள்வேன். நீங்கள் "நமக்கு" என்றீர்கள். உங்கள் வீட்டில் நான்கு பேர். நான்கு பேருக்கும் இடம் வைத்துவிட்டேன்.

முதலில், எந்த உருவில் பதிவு செய்வது என்ற கேள்வி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம். குறைந்தது ஏழு பேர் கேட்கும். ஏழு பேரும் உங்கள் மாமன் மச்சானாகவே இருந்தாலும் பொதுக்குழு என்ற ஒன்று முளைத்துவிடும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் கூடாது. விதியைத் திருத்த நாலில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். வருடாவருடம் கூட்டம் போட வேண்டும், தணிக்கை முடித்த கணக்கைக் கூட்டத்தின் முன் வைக்க வேண்டும். இதைவிடக் கொடுமை 36ஆம் பிரிவு. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மனுப் போட்டால் பதிவாளர் வந்து சபையின் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் லாபநோக்கற்ற கம்பெனியாகப் பதிவு செய்யலாமே என்று ஆடிட்டர் ஆசை காட்டுவார். அதுவும் ஆகாது. வருடக் கணக்கை அரசாங்கத்திடம் தாக்கல் செய்ய வேண்டும், கட்டணம் கட்டுகிற எவனும் அதை எடுத்துப் படித்துவிடுவான்.

ஆகவே டிரஸ்ட். 1882ஆம் வருடத்து இந்திய அறக்கட்டளைகள் சட்டம் தனியார் டிரஸ்டுக்குத்தான். பொது மதக் காரியங்களுக்கு அது பொருந்தாது. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கென்று 1950லேயே சட்டம் போட்டு, அறநிலைய ஆணையர் ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. இந்துக் கோயிலுக்கு 1959ஆம் வருடத்து அறநிலையச் சட்டம் இருக்கிறது, பள்ளிவாசலுக்கு வக்ஃப் வாரியம் இருக்கிறது. நம் சபையிடம் கணக்குக் கேட்க மேலே கர்த்தர் ஒருவர்தான். அவரும் கடைசி நாளில்தான் கேட்பார். அதுவரை நமக்கு அவகாசம்.

பத்திரத்தில் ஒரு நுணுக்கம் செய்திருக்கிறேன். டிரஸ்டின் ஆரம்ப மூலதனம் ஆயிரம் ரூபாய் ரொக்கம் என்று மட்டும் காட்டியிருக்கிறேன். நிலம், கட்டடம் எதுவும் அதில் இல்லை. அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலாம் புத்தகத்தில் ஏறும்; அதை யாரும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். சொத்தில்லாத பத்திரம் நான்காம் புத்தகத்துக்குப் போகும். பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி அதன் நகல், எழுதிக் கொடுத்தவருக்கும் அதன்கீழ் உரிமை கோருகிறவருக்கும்தான் கிடைக்கும். சபையார் எவரும் எதையும் கோரிவிடாதபடி விதிகளை எழுதியிருப்பதால், தசமபாகம் கொடுக்கிற பால்காரத் தம்பி வரிசையில் நின்று மனுக் கொடுத்தாலும் அது திறக்காது. நியாயத்தீர்ப்பு நாளில் புத்தகங்கள் திறக்கப்படும் என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார். நான்காம் புத்தகம் அந்தப் பட்டியலில் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வேதாகமக் கல்லூரியில் படித்தவர், பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி விதிகளுக்கு வருவோம். ஸ்தாபகர் என்றும், ஆயுட்கால நிர்வாக அறங்காவலர் என்றும் உங்களைப் போட்டிருக்கிறேன். பொருளாளர், பாஸ்டரம்மா. செயலாளர், பெங்களூரில் இறையியல் படிக்கும் பெரிய தம்பி. உறுப்பினர், பிளஸ் டூ படிக்கும் சின்னப் பாப்பா. பதினெட்டு வயது நிறைந்த நாளிலிருந்து. உங்கள் காலத்துக்குப் பின் மூத்த வாரிசுக்குப் பொறுப்பு தானாகப் போகும். இந்த விதியை எழுதும்போது வேதத்தில் ஆதாரம் ஏதும் கிடைக்குமா என்று தேடினேன். எலியாவின் சால்வையை எடுத்துக்கொண்ட எலிசா அவருக்கு மகனில்லை, ஏர் உழுதுகொண்டிருந்தவன். மோசேக்கு இரண்டு பையன்கள் இருந்தும் ஜனங்களை நடத்தியது யோசுவா. சாமுவேல் தன் பிள்ளைகளை நியாயாதிபதிகளாக்கிப் பார்த்தார். அவர்கள் லஞ்சம் வாங்கினார்கள். ஏலியின் பிள்ளைகளோ மூன்று பல் முள்ளை ஜனங்களின் பலிப் பானைக்குள் வேலைக்காரனை விடச் செய்து, வந்ததையெல்லாம் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். ஆதாரம் கிடைக்கவில்லை ஐயா. ஆகவே அந்த விதிக்கு வசனம் எதுவும் போடாமல் விட்டிருக்கிறேன். முதலாம் சாமுவேலின் முதல் எட்டு அதிகாரங்களை ஞாயிறு வாசிப்பிலிருந்து எடுத்துவிடுவதும் நல்லது.

சபையாரைப் பற்றி என்ன எழுதுவது என்றுதான் வெகுநேரம் யோசித்தேன். "உறுப்பினர்" என்று எழுதினால் உரிமை வந்துவிடும். "பயனாளி" என்று எழுதினாலும் ஆபத்து, டிரஸ்ட் யாருக்காக நடக்கிறது என்ற கேள்வி வரும். கடைசியில் "ஆராதனைக்கு வருகை தருவோர்" என்று போட்டுவிட்டேன். வருகை தருவோருக்கு நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, பண்டிகைக்குப் பிரியாணி உண்டு. வாக்கு இல்லை. அவர்களுடைய கடமைகள் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது: தசமபாகம், முதற்பலன், கட்டட நிதி, ஊழியர் பிறந்தநாள் அன்பளிப்பு, ஆண்டு விழா, இருபத்தொரு நாள் உபவாசத்தின் நிறைவு நாள் காணிக்கை. உரிமைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். அதில் உங்கள் புகைப்படத்தை ஒட்டிக்கொள்ளலாம்.

காணிக்கை. இது பெரிய விதி, நிதானமாகப் படியுங்கள். இப்போது நடக்கிறபடி, ஆராதனை முடிந்ததும் பை நேரே உங்கள் வீட்டு மாடிக்குப் போகிறது. அங்கே பாஸ்டரம்மா எண்ணுகிறார்கள். எத்தனை ரூபாய் என்பது உங்களுக்கும் கர்த்தருக்கும் உள்ள இரகசியம். இதை "காணிக்கை எண்ணும் ஆவிக்குரிய குழு" என்று பெயர் கொடுத்து அப்படியே விதியாக்கிவிட்டேன். பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் தொங்குகிற க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் பாஸ்டரம்மாவின் பெயர் வருகிறது. பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் போன ஞாயிறு அதைக் காட்டிச் சிரித்தான். அட்டையை மாற்ற வேண்டாம். பையனை யூத் மீட்டிங்கில் இருந்து மாற்றிவிடலாம்.

வருமான வரிச் சட்டம் நமக்கு ஒரு சலுகை வைத்திருக்கிறது. மற்ற அறக்கட்டளைகளுக்குப் பெயர் தெரியாதவர் கொடுக்கும் நன்கொடை ஒரு அளவைத் தாண்டினால் வரி உண்டு. முழுக்க மதக் காரியத்துக்கான டிரஸ்டுக்கு அந்த வரி இல்லை. கோயில் உண்டியலில் மஞ்சள் துணியில் முடிந்து போடுகிற கிழவிக்கும், நம் பையில் சுருட்டிய பத்து ரூபாயைப் போடுகிற அம்மாளுக்கும் ரசீது எழுத முடியாது என்று அரசாங்கமே இரங்கி விட்ட இடம் அது. இரண்டு காசு போட்ட விதவைக்காக விட்ட அந்த வாசல் வழியாகத்தான் உங்கள் இன்னோவா உள்ளே வந்தது. ஸ்தாபகருக்கோ அவர் குடும்பத்துக்கோ டிரஸ்டின் பணம் போனால் அந்தப் பணத்துக்கு வரி விலக்கு பறிபோகும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே காரை "மிஷனெரிப் பயண ஊர்தி" என்று காட்டியிருக்கிறேன். பெரிய தம்பியின் பெங்களூர் ஹாஸ்டல் கட்டணம் "ஊழியர் பயிற்சி". பாஸ்டரம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு இன்னும் தலைப்பு கிடைக்கவில்லை. "ஆராதனைப் பொருட்கள்" என்று போடக் கை கூசுகிறது.

பைபாஸ் ரோட்டு நிலத்துக்கு வருவோம். ஒரு சதுர அடிக்கு ஒரு விசுவாசி என்று நீங்கள் கூப்பிட்டது நினைவிருக்கும். அதற்கு முந்தைய மாதம்தான், நகை உலகத்தின் ஆசை, ஆவிக்குரிய ஸ்திரீகள் அதைக் கழற்ற வேண்டும் என்று மூன்று வாரம் தொடர் செய்தி கொடுத்தீர்கள். கழற்றினார்கள். அடுத்த மாதம் கட்டட நிதி. கழற்றிய கம்மல் எங்கே போகும்? பீடி சுற்றுகிற பெண் ஒருத்தி, கல்யாணத்துக்கு அம்மா போட்ட கம்மலைத் தாளில் மடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு போனாள். நிலத்தின் பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது. "டிரஸ்ட் பதிவானதும் மாத்திடலாம் பிரதர்" என்றீர்கள். பதிவு செய்யப்போகிற டிரஸ்டில் நிலமே இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். நீங்கள் சொல்லித்தான் விட்டேன்.

வனாந்தரத்தில் ஜனங்களின் காதணிகளைக் கழற்றச் சொல்லி வாங்கிய ஊழியர் ஆரோன். அதில் அவர் செய்தது கன்றுக்குட்டி. பிறகு மோசே ஆசரிப்புக் கூடாரத்துக்காக அதே ஜனங்களிடம் பொன் கேட்டார், கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தில் ஒரு கணக்கு வருகிறது. நீங்கள் அதை வைத்து ஒருநாளும் பிரசங்கித்ததில்லை. பொன் 29 தாலந்து, 730 சேக்கல். வெள்ளி 100 தாலந்து, 1,775 சேக்கல். அந்த நூறு தாலந்தில் கூடாரத்தின் பாதங்களை வார்த்தார்கள். மீந்த 1,775 சேக்கலில் தூண்களுக்குக் கொக்கிகள் செய்தார்கள். கணக்கை எழுதியவர்கள் ஆரோனின் மகன் இத்தாமாருடைய மேற்பார்வையில் இருந்தவர்கள். தேவனோடு முகமுகமாய்ப் பேசின மனிதன், மேகத்துக்குள் போய் வந்து முகம் பிரகாசித்த மனிதன், கொக்கிக்குக் கணக்கு கொடுத்தார். நீங்கள் மின்விசிறிக்குக் கூடக் கொடுக்கவில்லை.

இப்படி எழுதியதற்கு மன்னியுங்கள். வரைவுக்குத் திரும்புகிறேன்.

சபை ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு விதி இருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொன்னீர்கள். எழுதியிருக்கிறேன். கணக்குக் கேட்பது "முறுமுறுப்பு" எனக் கருதப்படும். இருவர் சேர்ந்து கேட்டால், மோசேக்கு எதிராகக் கிளம்பிய "கோராகின் கூட்டம்". எழுத்தில் கேட்டால் "அபிஷேகம் பெற்றவருக்கு விரோதமாய்க் கை நீட்டுதல்". தாவீது சவுலைக் கொல்லாமல் விட்ட கதையை இங்கே ஆதாரமாகச் சேர்த்திருக்கிறேன், ஆனால் தாவீது சவுலின் அங்கியை அறுத்துக் காட்டி, வெளியே நின்று உரக்க நியாயம் கேட்டதை விட்டுவிட்டேன். தண்டனை, ஐக்கியத்திலிருந்து நீக்கம். நீக்கப்பட்டவர் வீட்டுக் கல்யாணத்தை நடத்த மாட்டோம். வியாதியில் ஜெபிக்கப் போக மாட்டோம். அடக்க ஆராதனைக்கும் வர மாட்டோம்.

கடைசி வாக்கியத்தை நீங்கள்தான் சேர்க்கச் சொன்னீர்கள். அதை எழுதியபோது நினைவுக்கு வந்தது கேரளத்தின் கட்டச்சிறை. மலங்கரை சபையில் ஆர்த்தடாக்ஸ் தரப்புக்கும் யாக்கோபாயத் தரப்புக்கும் தலைமுறைகளாக வழக்கு. 1934இல் எழுதிய ஒரு சட்டதிட்டத்தின்படியே எல்லாத் தேவாலயங்களும் நடக்க வேண்டும் என்று 2017 ஜூலை 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கப்புறம் 2019இல், ஆலப்புழை மாவட்டத்துக் கட்டச்சிறையில், ஒரு மூதாட்டியின் உடல் கல்லறைத் தோட்டத்துக்குள் போக முடியாமல் ஒரு மாதத்துக்கு மேல் பெட்டியில் கிடந்தது. ஜெபிப்பது எந்தப் பாதிரியார் என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில், செத்த கிறிஸ்தவனை அவனுடைய பாட்டன் பூட்டன் கிடக்கிற மண்ணில் புதைக்க விட வேண்டும் என்று ஒரு மாநிலச் சட்டசபை 2020இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதவரின் பெயரால் கூடுகிற சபைகள் இவை. பிணத்துக்குக் குழி வெட்டச் சட்டமன்றம் கூட வேண்டியதாயிற்று.

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன் ஐயா. வேண்டுமானால் நீங்களே உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். "நாங்கதான் சின்னச் சபை, ஒத்தை ஆள் நடத்தறோம். சி.எஸ்.ஐ.யைப் பாருங்க, அங்க பைலா இல்லையா?" இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேசத் தொடங்கி, 28 வருடம் வார்த்தை வார்த்தையாக வாதாடி, 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் ஒன்றாகி உருவான தென்னிந்தியத் திருச்சபை அது. பேராயருக்கு என்ன அதிகாரம், குருமாருக்கு என்ன, சபையாருக்கு என்ன என்று இழைத்து இழைத்து எழுதியிருக்கிறார்கள். சொத்துகளைக் காக்க அந்த வருடமே கம்பெனிச் சட்டத்தின்கீழ் ஒரு டிரஸ்ட் அசோசியேஷனையும் பதிவு செய்தார்கள். அந்தத் தரங்கம்பாடிக் கூட்டத்தில் முன்னின்ற வேதநாயகம் அசரியா, வெள்ளாளன்விளைக்காரர், இணைப்பைக் காணாமலே 1945இல் போய்ச் சேர்ந்தார். அவரும் நண்பர்களும் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது வைத்த கொள்கை: நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம். அந்தப் பக்கத்துப் பெண்கள் உலையில் போடும் முன் பிடியரிசி எடுத்து வைத்துத் திருப்பணியை வளர்த்தவர்கள்.

இன்றைக்கு அதே சீமையில் திருமண்டலத் தேர்தல் வந்தால் சுவரெல்லாம் போஸ்டர். இந்த அணி, அந்த அணி. டி.சி. என்கிற டயோசிசன் கவுன்சில் மெம்பர்களை வேனில் ஏற்றி எங்கோ தங்க வைத்து, வாக்குப்பதிவு நாளில் இறக்குகிற கதைகளை டீக்கடையில் கேட்கலாம். உதவிபெறும் பள்ளியில் ஒரு வாத்தியார் வேலைக்கு என்ன விலை என்ற பேச்சும் அதே டீக்கடையில்தான். சாதி என்ற சொல் எந்தப் பைலாவிலும் கிடையாது. வேட்பாளரை நிறுத்தும் இரவில் அதைத் தவிர வேறு சொல்லே கிடையாது. 2022இல் அந்தத் திருச்சபையின் தலைமை மன்றமான சினாட் கூடிப் பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70 ஆக்கத் தீர்மானம் போட்டது. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கோ, மழையில் ஒழுகும் ஆரம்பப் பள்ளிகளுக்கோ இந்த அவசரம் காட்டினார்களா என்று கேட்காதீர்கள். திருத்தம் முறைப்படி நிறைவேறியதா என்று வழக்கு. 2024 ஏப்ரலில் சினாட் தேர்தலை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சென்னை உயர் நீதிமன்றம் நிர்வாகிகளாகப் போட்டது. அதன்பின் வழக்கு டெல்லிக்கு ஏறியது. விசுவாசிகள் வழக்காடுவதற்கு அவிசுவாசிகளிடம் போகலாமா என்று பவுல் கொரிந்தியரைப் பார்த்து வெட்கப்படச் சொன்னார். நம் பேராயர்களுக்கு அந்த நிருபத்தில் அன்பைப் பற்றிய பதின்மூன்றாம் அதிகாரம் மட்டும் மனப்பாடம். கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிக்கிறார்கள்.

ஆக, பைலா இருந்தால் மட்டும் திருட்டு நின்றுவிடாது என்பது உண்மை. அதை நீங்கள் உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே திருடுகிறவன் விதியை மீற வேண்டியிருக்கிறது, பிடித்து நீதிமன்றத்துக்கு இழுக்க ஒரு விதி இருக்கிறது. இங்கே நான் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் பத்திரத்தில் திருடுவதே விதி.

இன்னொன்றும் சொல்வீர்கள். "வெளியே எவ்வளவு எதிர்ப்பு பாருங்க பிரதர். வீட்டு ஜெபத்தை நிறுத்தறான், போர்டைக் கிழிக்கறான், கலெக்டர் பர்மிஷன் எங்கேன்னு போலீஸ் வருது. இந்த நேரத்துல உள்ளுக்குள்ளே கேள்வி கேட்டா சத்துருவுக்குத்தானே கொண்டாட்டம்?" ஐயா, அந்தக் கும்பல் வந்த இரவில் வாசலில் நின்றது யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கன்வென்ஷனுக்குத் திருச்சி போயிருந்தீர்கள். நின்றது அந்தப் பால்காரத் தம்பியும், பீடி சுற்றுகிற பெண்ணும், கொத்தனார் வேலைக்குப் போகிற இரண்டு பேரும். அடி வாங்கியது அந்தக் கொத்தனாரில் ஒருவர். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த கடிதத்தில் அவர்கள் பெயர்தான் இருக்கிறது, ஸ்தாபகர் பெயர் இல்லை. அடி வாங்கும்போது "சபையின் பிள்ளைகள்". கணக்குக் கேட்டால் "வருகை தருவோர்". வெளியே இருந்து கல் எறிகிறவன் கொடியவன்தான். அந்தக் கல்லைப் பொறுக்கிக் கொண்டுவந்து உங்கள் அலமாரிக்கு முன்னால் சுவராக அடுக்குகிறீர்களே, அதற்கு என்ன பெயர்?

ஆதிச் சபையில் பைலா இருந்ததா என்று கேட்பீர்கள். அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம். அன்றாடப் பந்தியில் எங்கள் விதவைகளைத் தள்ளிவிடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசுகிறவர்கள் முறுமுறுத்தார்கள். ஆம், முறுமுறுத்தார்கள். பேதுரு அவர்களைக் கோராகின் கூட்டம் என்று சொல்லவில்லை. சபை முழுவதையும் கூட்டினார்கள். நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர். புகார் சொன்னவர்கள் கையிலேயே பெட்டியைக் கொடுத்தார்கள். பேதுருவுக்கு மாமியார் இருந்தார், அப்படியானால் மனைவியும் இருந்தார். அந்த ஏழில் அவர் பக்கத்து ஆள் யாரும் இல்லை. எருசலேம் ஏழைகளுக்கு வசூலித்த பணத்தைக் கொண்டுபோகும்போது, நாளைக்கு ஒருவர் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளைப் பவுல் கூடவே அனுப்பினார். தனியாகப் பையைச் சுமந்த ஆள் புதிய ஏற்பாட்டில் ஒருவன்தான். அதிலிருந்து அவன் எடுத்துக்கொண்டிருந்தான் என்று யோவான் பச்சையாகவே எழுதியிருக்கிறார். பன்னிரண்டு பேரில் ஒருவராவது மாதம் ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால், முப்பது வெள்ளிக்காசு வரை அவனுடைய துணிச்சல் வளர்ந்திருக்குமா?

முதல் வரைவு இவ்வளவுதான். முத்திரைத்தாள் வாங்கிக் கையொப்பம் போட்டால் அடுத்த நாளே பதிவு செய்துவிடலாம்.

கவரில் இரண்டாவதாக ஒன்றும் இருக்கிறது. ஒரே பக்கம். நீங்கள் கேட்கவில்லை, நான் எழுதினேன். சபையில் ஞானஸ்நானம் பெற்று ஒரு வருடம் ஐக்கியத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் உறுப்பினர், பெண்களும். குழுவுக்கு மூன்று வருடம், ஒருவரே தொடர்ந்து இரண்டு முறை கிடையாது. பாஸ்டருக்குச் சம்பளம், மரியாதையான சம்பளம், எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அவர் வீட்டார் யாரும் பொருளாளராகக் கூடாது. காணிக்கையைச் சபைக்குள்ளேயே, பைகளைக் கவிழ்த்த மேஜையிலேயே, உறவுமுறை இல்லாத இருவர் எண்ணிக் கையொப்பமிட வேண்டும். போன வாரத் தொகை இந்த வாரப் பலகையில். காசோலைக்கு இரண்டு கையொப்பம். நிலம் சபையின் பெயரில், முதலாம் புத்தகத்தில். கேட்டதற்காக எவரையும் நீக்கக் கூடாது. எவர் செத்தாலும் அடக்க ஆராதனை உண்டு.

இரண்டாவதைக் கிழித்துப் போடுவீர்கள் என்று தெரியும். அதனால் ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாய் விரிக்க முன்கூட்டியே வருகிற அக்காமார்களிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்குப் படித்தும் காட்டினேன். "பலகையில எழுதினா போதும் தம்பி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் ஒருவர். பட்டா விவரம் சொன்னபோது கம்மல் கொடுத்த பெண் ஒன்றும் பேசவில்லை. சர்வே எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

நீங்கள் டிரஸ்ட் பத்திரத்தை எந்தப் புத்தகத்தில் ஒளித்தாலும், பொதுஜனத்திடம் வாங்கி மதக் காரியத்துக்கு நடத்துவது பொது டிரஸ்ட். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. அதன்கீழ் கணக்கு ஒப்புவிக்கச் சொல்லலாம், அறங்காவலரை நீக்கச் சொல்லலாம், சபையை நடத்த ஒரு திட்டமே வகுத்துத் தரச் சொல்லலாம். டிரஸ்டில் அக்கறை உள்ளவர்கள் இரண்டு பேர் நீதிமன்ற அனுமதி பெற்றால் வழக்குத் தொடுக்கலாம். இரண்டு மூன்று பேர் கூடுகிற இடத்தில் கர்த்தர் நடுவில் இருக்கிறார் என்று வாராவாரம் ஆரம்ப ஜெபத்தில் சொல்கிறீர்கள். அந்த இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். யார் என்று இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். ஒருவருக்கு நான் வக்காலத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரைவுக்கான என் கட்டணத்தைக் க்யூஆர் அட்டையில் அனுப்ப வேண்டாம். ரசீது கொடுப்பேன்.